நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வாக்காளர்

சட்டசபையின் இருநூற்றுப் பதினைந்து நாற்காலிகளையும் கரும்பலகையில் பங்கு பிரித்து முடித்தபோது மணி காலை ஆறே முக்கால். தோல் பதனிடும் ஷெட்டின் சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம் இருந்தது. தேவசகாயம் வாத்தியார் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல் திரும்பினார்.

எதிரே பாயில் பதினெட்டுப் பேர். வேலைக்குப் போகும் முன் எழுத்துப் படிக்க வரும் ஆணும் பெண்ணும். ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் ஆறு வருஷமாக நடக்கும் வகுப்பு அது. இந்த மார்கழி பிறந்ததிலிருந்து அங்கே எழுத்துக்குப் பதில் தேர்தல்தான் பாடம்.

"இதுதான் கீழ்சபை. பொதுவுல நூத்தி நாப்பத்தாறு. அதுக்குள்ள நம்ம ஆதிதிராவிட ஜனங்களுக்குன்னு முப்பது ஒதுக்கியிருக்குது. முஸ்லிமுக்கு இருபத்தெட்டு. கிறிஸ்தவங்களுக்கு எட்டு, பொம்பளைங்களுக்கு எட்டு. கூலிக்காரங்களுக்கு ஆறு, ஜமீந்தாருக்கு ஆறு..."

"ஜமீந்தாரும் நாங்களும் ஒண்ணா?" என்றான் ஒருவன். "அவங்க எத்தினி பேரு, நாங்க எத்தினி பேரு! நல்லா பங்கு வெச்சான் வெள்ளைக்காரன்."

சிரிப்பு எழுந்தது.

"மேல ஒரு சபை இருக்குதுன்னியே வாத்தியாரே?"

"அது மேல்சபை. அம்பத்திச் சொச்சம் பேரு. பெரிய வரி கட்றவங்களுக்குத்தான் அதுல ஓட்டு. அதைக் கலைக்கவே முடியாது. மூணு வருஷத்துக்கு ஒருதரம் மூணுல ஒரு பங்கு ஆளு மாறும்."

"அதுக்கும் மேல?"

"கவர்னரு."

"அதுக்கும் மேல?"

"டில்லி. ராஜாக்களெல்லாம் சேந்தா அங்கயும் ஒரு பெரிய சபை வரும்."

"அப்ப நம்ம கெணறு எந்தச் சபையில கெடக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. ஷெட்டின் கழிவு நீர் வாய்க்கால் உடைத்துக்கொண்டு சேரிக் கிணற்றில் இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. போன கோடையில் மட்டும் ஆறு குழந்தைகள் செத்துப்போயின. அதில் ஒன்று தேவசகாயத்தின் தம்பி காசிநாதனின் மகள். ஜில்லா போர்டுக்கு எழுதிய மனு ஏழு முறை திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் காசிநாதன் அந்த முப்பதில் ஒன்றுக்கு நிற்கிறான். எதிரே நிற்பவன் ஒரே ஒருவன். ஷெட்டுக்கு ஆள் பிடித்துவிடும் சின்னசாமி மேஸ்திரி. மேஸ்திரி முகம் சுளித்தால் மறுநாள் அந்த ஆளுக்குக் கேட் திறக்காது.

பாயின் கோடியில் இருந்த சவுரியம்மாள் கை நீட்டினாள். "வாத்தியாரே, நீயும் நானும் ஒரே வேதக்கோயில்தான? நாம எந்தக் கட்டத்துல வர்றோம்?"

"இன்னா சவுரியம்மா, இத்தினி நாளு சொல்லியும்! நாம கிறிஸ்தவக் கட்டம். நமக்குத் தனி லிஸ்டு. அந்த எட்டுப் பேருக்குத்தான் நாம ஓட்டுப் போடலாம், அவங்களுக்குத்தான் நாம கையெழுத்து..."

அவர் வாய் அப்படியே நின்றது. சுண்ணக்கட்டி கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

மூன்று நாளைக்கு முன் வேலூரில் காசிநாதனின் வேட்பு மனுவை அவர்தான் பூர்த்தி செய்தார். வழிமொழிபவர் என்ற இடத்தில் ஊர்த்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரம். முன்மொழிபவர் என்ற இடத்தில் தேவசகாயம், வரிசை எண் நாற்பத்தொன்று. தம்பிக்கு அண்ணன் கையெழுத்துப் போடாமல் வேறு யார் போடுவது என்று பெருமையாகப் போட்ட கையெழுத்து. நாற்பத்தொன்று கிறிஸ்தவர் பட்டியலின் எண். பொதுத் தொகுதியில் நிற்பவனைப் பொதுப் பட்டியலில் இருப்பவன்தான் முன்மொழிய முடியும். ஊருக்கே சட்டம் சொல்லிக் கொடுத்த மனிதர், தன்னைச் சட்டம் எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

அந்த மனு செல்லாது. பரிசீலனையில் தூக்கி எறிவார்கள். களத்தில் சின்னசாமி ஒருவன்தான் மிஞ்சுவான். ஓட்டுப் பெட்டியே வைக்காமல் அவன் சட்டசபைக்குப் போவான்.

புது மனுப் போட இன்று கடைசி நாள். மணி மூன்று வரை.

தேவசகாயம் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

காசிநாதன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அண்ணன் மூச்சிரைக்கச் சொன்னதை முழுவதும் கேட்டான். வாயைக் கொப்பளித்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணா. தெரிஞ்சு பண்ணியா?"

அந்த ஒரு கேள்விக்கு ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தேவசகாயத்துக்கு. இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். தாய் செத்தபோது எட்டு வயசான மூத்தவனை மிஷன் விடுதி எடுத்துக்கொண்டது. மடியில் கிடந்த சின்னவனை மாமன் எடுத்துக்கொண்டான். ஒருவன் தேவசகாயம் ஆனான். இன்னொருவன் காசிநாதனாகவே இருந்தான். அதைச் சேரியில் இதுவரை யாரும் ஒரு குறையாகப் பேசியதில்லை. இந்த மனு தள்ளுபடியானால் பேசுவார்கள். 'வேதக்கோயில்காரன் மேஸ்திரிகிட்ட கை நீட்டிட்டான்' என்பார்கள். தம்பியே கேட்டுவிட்டானே, ஊர் கேட்காதா?

"ஏசு சாட்சியா தெரியாதுடா."

"சரி. இப்ப யாரு இருக்காங்க, சொல்லு."

பொதுப் பட்டியலில் சேரிக்கு மொத்தம் பன்னிரண்டு பெயர். எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு உண்டு. ஆனால் சேரியில் எழுத்துப் படித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் மிஷனில் படித்து, ஞானஸ்நானமும் வாங்கி, கிறிஸ்தவர் பட்டியலுக்குப் போய்விட்டார்கள். அதற்கு முன்னின்று பெயர் எழுதிக் கொடுத்ததும் இதே தேவசகாயம்தான். மிஞ்சிய பன்னிரண்டில் ஒன்று காசிநாதன். ஒருவர் ஐப்பசியில் செத்துப்போனார். ஒன்பது வீட்டுக் கதவையும் தட்டினார்கள். ஒன்பதிலும் ஆண்கள் இல்லை.

"நேத்து சாயங்காலமே மேஸ்திரி வண்டி வெச்சி ஏலகிரி அடிவாரத்துல விருந்துன்னு கூட்டிம்போய்ட்டாரே. நாளைக்குத்தான் வருவாங்க" என்றாள் ஒரு வீட்டுக்காரி.

சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆக, மேஸ்திரிக்குத் தெரியும். அண்ணன் செய்த தப்பு தம்பிக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேலூரில் பலகையில் ஒட்டிய மனுவைப் பார்த்திருப்பான்.

மருந்துக் கடைப் பஞ்சாட்சரம் புதுத் தாளில் மறுபடி வழிமொழிந்து கையெழுத்துப் போட்டார். "ஒருதரம் போட்டதுக்கே எங்க தெருவுல என்கிட்ட மூணு நாளா எவனும் பேசல. ரெண்டாந்தரம் போட்டா ரெண்டுதரமா தூக்குல போடுவானுங்க? எழுதுங்க, எழுதுங்க. ஆனா வாத்தியாரே, எங்க தெருவுல இன்னொரு கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. கெடைக்காது."

பன்னிரண்டில் மிஞ்சியது ஒரே பெயர். எண் நூற்றுப் பன்னிரண்டு. முனியம்மா, கணவர் பெயர் காத்தவராயன், சிப்பாய். ஜெர்மன் சண்டையில் மெசபடோமியாவில் செத்தவனின் பென்ஷன் வாங்கும் விதவை. அந்தத் தகுதியில் அவளுக்கு ஓட்டு உண்டு. எழுத்து வாசனையே கிடையாது. பெண்பிள்ளை என்பதால் மேஸ்திரி அவளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை போலிருக்கிறது. ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவள். மருமகனுக்கும் அங்கேதான் வேலை. மகள் கண்ணம்மாளின் பிரசவத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

எங்கே? நாட்றம்பள்ளிக்கு, மருமகனின் தாய் வீட்டுக்கு.

வேலூர் கிழக்கே இருக்கிறது. நாட்றம்பள்ளி மேற்கே. தலையில் கை வைத்துக்கொண்டார் தேவசகாயம்.

தோல் லாரி ஓட்டும் ரஃபி அகமது, வண்டியைக் கிளப்ப முன்பக்கத்தில் ஹேண்டில் போட்டுக்கொண்டிருந்தான். பச்சைத் தோல் ஏற்ற மேற்கே போகிற வண்டி. விஷயத்தைக் கேட்டதும் ஹேண்டிலை உருவிக்கொண்டு நிமிர்ந்தான்.

"இன்னா வாத்தியாரே, பேஜார் பண்றீங்க. நாட்றம்பள்ளி வரைக்கும் சரி, என் ரூட்டுதான். அங்கேர்ந்து வேலூரா? மொதலாளி தோலை உரிச்சி ஊற வெச்சிடுவாரு."

"ரஃபி பாய், உன் தங்கச்சி புள்ளையும் அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சிதான..." என்றான் காசிநாதன்.

ரஃபி மறுபடி முன்பக்கம் போனான். ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். லாரி இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

ஒன்பதே கால் மணிக்கு நாட்றம்பள்ளி. ஊருக்கு வெளியே கூரை வீடு. வாசலிலேயே அலறல் கேட்டது. முனியம்மா முழங்கை வரை நனைந்த கையோடு வெளியே வந்தாள்.

"இன்னாடா இது, கும்பலா வந்து நிக்கிறீங்க? எவன் செத்தான்?"

தேவசகாயம் சொன்னார். பாதி சொல்வதற்குள் அவள் கையை வீசினாள்.

"பொண்ணு வலியில கெடக்குறா. உங்க சபையும் வேணாம் கிபையும் வேணாம். போங்க."

"முனியம்மா, மூணு மணிக்குள்ள நீ வரலன்னா..."

"தலைச்சன் பிரசவம். கொழந்த குறுக்க நிக்கிதுன்னு மருத்துவச்சி சொல்றா. இவள உட்டுட்டு எப்படிய்யா வருவேன்? உன் பொண்டாட்டின்னா நீ வருவியா?"

கதவு சாத்திக்கொண்டது.

வாசலில் உட்கார்ந்தார்கள். ஒன்பதரை. பத்து. உள்ளே அலறல் எழும்போதெல்லாம் தேவசகாயம் எழுந்தார். அடங்கும்போது உட்கார்ந்தார். கண்ணம்மாள் பிழைக்க வேண்டும் என்று ஜெபம் செய்தார். சீக்கிரம் பிழைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வார்த்தை கூடவே சேர்ந்துகொண்டது. அந்த வார்த்தைக்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே கடியாரத்தை எடுத்துப் பார்த்தார். பத்தரை.

காசிநாதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு மண்ணையே பார்த்திருந்தான். லாரி ஏறியதிலிருந்து அண்ணனிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பதினொண்ணு தாண்டினா நான் பறந்தாக்கூட முடியாது" என்றான் ரஃபி. "சொல்லிட்டேன்."

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். உள்ளே சத்தம் நின்றது. முழு அமைதி. ஒரு கணம், இரண்டு கணம். பிறகு மெல்லிய, கோபமான ஒரு புது அழுகை.

முனியம்மா வெளியே வந்தாள். முகத்தில் வியர்வையா கண்ணீரா தெரியவில்லை. குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள்.

"ஆம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்குது." லாரியைப் பார்த்தாள். "எங்க ஏர்றது?"

கிழக்கே பறந்தது லாரி. வாணியம்பாடி தாண்டியதும் முதல் தடங்கல். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று வயதான எருமை மாதிரி அசைந்து அசைந்து போயிற்று. பதினாலு நிமிஷம். பள்ளிகொண்டாவுக்கு முன்னால் பின் சக்கரம் வெடித்தது. மூன்று ஆண்களும் முதுகு கொடுத்து வண்டியைத் தூக்க, முனியம்மா கல்லை முட்டுக் கொடுத்தாள்.

"தோலு நாத்தம்தான் நாறுது உன் வண்டி. சட்டசபைக்குப் போற வண்டியாடா இது?" என்றாள் ரஃபியிடம்.

"சட்டசபைக்கு நான் போவலம்மா. அவருதான் போறாரு. நான் வேலைய உட்டு வூட்டுக்குப் போறேன்."

வேலூர்க் கோட்டை மதில் தெரிந்தபோது மணி இரண்டு நாற்பத்து நாலு.

தேர்தல் அதிகாரியின் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடி போட்ட அதிகாரி. பக்கத்தில் குமாஸ்தா அப்துல் ஹமீத். இந்தப் பக்கம் நாற்காலியில் சின்னசாமி மேஸ்திரி, வாயில் வெற்றிலை, பக்கத்தில் அவனுடைய வக்கீல். ஜன்னல் ஓரத்தில் பெரிய ரோஜா மாலை ஒன்று ஈரத் துணியில் சுற்றித் தயாராக இருந்தது.

உள்ளே நுழைந்த கூட்டத்தைப் பார்த்ததும் மேஸ்திரி எழுந்தே விட்டான்.

"ஏய் முனியம்மா! நீ எங்கடி வந்தே? அவன் தாள்ல கைய வெச்சே, நாளைக்கு ஷெட்டுக் கேட்டுக்குள்ள உன் காலு படாது. ஆமா, சொல்லிட்டேன்!"

"இங்கே சத்தம் போடக் கூடாது" என்றார் அதிகாரி. தலையை நிமிர்த்தவில்லை.

முனியம்மா அசையாமல் நின்றாள். தேவசகாயத்துக்குக் கூசியது. அவள் இருபது வருஷமாகத் தின்னும் சோற்றை அல்லவா பிடுங்கிக் கொடு என்று கேட்கிறார்? 'வை' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 'வைக்காதே' என்று சொல்லவும் வரவில்லை.

அவள் தன்பாட்டுக்கு மேஜை அருகே போனாள். "எங்க வெக்கணும், சொல்லு."

மணி இரண்டு ஐம்பத்தொன்று. அப்துல் ஹமீத் பட்டியலைப் புரட்டினார். "நூத்திப் பன்னெண்டு. முனியம்மா. சரியா இருக்குது." மைப்பெட்டியை நகர்த்தினார். "இடது பெருவிரல்."

அவள் விரலை மையில் உருட்டித் தாளில் அழுத்தினாள். எடுத்தாள்.

ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான். ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை.

"சரியா வையிம்மா."

மறுபடி வைத்தாள். மறுபடி அதே மொழுக்கென்ற பொட்டு. வலது பெருவிரல். அதுவும் அப்படியே.

இருபது வருஷம் சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிய கை. மாட்டுத் தோலின் மயிரை உதிர்த்த சுண்ணாம்பு அவள் விரலின் ரேகையையும் உதிர்த்திருந்தது. பத்து விரலும் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன.

வக்கீல் எழுந்தார். "ஆட்சேபம். இது ரேகையே இல்லை. யார் வேண்டுமானாலும் வைத்த மை."

இரண்டு ஐம்பத்து நாலு.

"எழுதத் தெரியாதவங்க அதிகாரி முன்னால ஒரு அடையாளம் வெச்சா போதுங்கய்யா! ரேகை தெரியணும்னு எந்த விதியும் இல்லீங்க!" தேவசகாயத்தின் குரல் கிறீச்சிட்டது. அவருடைய குரலே அவருக்கு அந்நியமாகக் கேட்டது.

"அது சரி" என்றார் அதிகாரி. "அடையாளம் போதும். ஆனால் ஆட்சேபம் வந்துவிட்டது. அடையாளம் வைத்தவள் பட்டியலில் உள்ள முனியம்மாதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேங்க!"

"நீர் வேட்பாளரின் அண்ணன். உம்முடைய வார்த்தையை மட்டும் வைத்து நான் எழுத முடியாது. வேறு யாராவது?"

காசிநாதன் வேட்பாளர், அவன் வார்த்தையும் செல்லாது. ரஃபி தெருவில் லாரியோடு நிற்கிறான். அவனைக் கூப்பிட்டு வருவதற்குள் மூன்று அடித்துவிடும். இரண்டு ஐம்பத்தாறு.

முனியம்மா நிதானமாகத் திரும்பினாள்.

"மேஸ்திரி, நீ சொல்லேன். நான் யாரு?"

மேஸ்திரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டான். "யாரைப் பாத்துக் கேக்குற? நான் ஆயிரம் ஆள மேய்க்கிறவன். எனக்கு இவளத் தெரியாதுங்க."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாதா? இவள் உள்ளே நுழைந்ததும் முனியம்மா என்று பெயர் சொல்லி, கேட்டுக்குள்ளே விடமாட்டேன் என்று என் எதிரே மிரட்டியது யார்? நீர்தானே?"

வக்கீல் மேஸ்திரியின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அதிகாரி பேனாவை மையில் தோய்த்தார். மொழுக்கென்ற அந்தப் பொட்டின் பக்கத்தில், தம் முன்னிலையில் வைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரத்தையும் எழுதினார். இரண்டு ஐம்பத்தெட்டு.

வெளியே வெயிலில் கண் கூசியது. தேவசகாயம் மெல்லப் படியிறங்கினார். காசிநாதன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். இரண்டு படி இறங்கியதும் நின்றான். திரும்பாமலே அண்ணனுக்காகக் காத்திருந்தான். அவர் பக்கத்தில் வந்த பிறகுதான் மறுபடி நடந்தான்.

பின்னால் மேஸ்திரியின் குரல் வந்தது. "முனியம்மா! நாளைக்கு வராத. உன் பொண்ணு புருஷனையும் வரவேணாம்னு சொல்லிடு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லாரி அருகே வந்து விரல் மையைச் சக்கரத்தில் தேய்த்தாள். போகவில்லை.

"வாத்தியாரே, ஓட்டு என்னிக்கு?"

"மாசி மாசம்."

"இத்தினி பாடுபட்டியே, உன் ஓட்டு தம்பிக்குத்தான?"

"என்னால அவனுக்குப் போட முடியாது முனியம்மா. நான் வேற லிஸ்டு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உரக்கச் சிரித்தாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு அறுந்தது.

"மாசி வரைக்கும் நான் இன்னாத்த துண்றது? மருமவனுக்கும் வேல போச்சு. பச்ச உடம்புக்காரி ஒருத்தி. இன்னிக்குப் பொறந்தது ஒண்ணு. சொல்லு வாத்தியாரே. அந்த இருநூத்திச் சொச்சத்துல இதுக்கு எந்த நாற்காலி?"

காலையில் கரும்பலகை முழுக்க நிரப்பிய தேவசகாயம் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ரஃபி ஹேண்டிலைச் சுற்றினான். முதல் சுற்றில் லாரி கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவள் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.